கடற்கரையில் ஒரு ரகசியக் கூடம்

‘லாட்ஜ்’ என்றால் நமக்கு ரூம் போடும் இடம். ஃப்ரீமேசன்களுக்கு அது கூடிப்பேசும் சபையின் பெயர். 1717-ல் லண்டனில் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தலைமைச் சபை ஒன்றை உருவாக்கின. மூலைமட்டமும் காம்பஸும்தான் இவர்களின் சின்னம். கொத்தனாரின் கருவிகள்தான், ஆனால் சேர்ந்தவர்களில் பலர் கரண்டியைத் தொட்டிராத கனவான்கள்.

கம்பெனி அதிகாரிகளோடு இந்தப் பழக்கம் மெட்ராஸுக்கும் வந்தது. 1770களிலேயே ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமராவைத் திருச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். 1786-ல் இங்கே தொடங்கியது ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ லாட்ஜ். அவர்கள் 1839-ல் மெரினாவைப் பார்த்தபடி ஒரு கூடம் கட்டத் தொடங்கினார்கள்.

அந்தக் கட்டடத்தை நீங்கள் நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். காமராஜர் சாலையில், வெள்ளை வெளேரென்று, தூண்களோடு நிற்கிறதே டிஜிபி அலுவலகம், அதேதான். திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து பீச்சுக்கு வந்து சுண்டல் சாப்பிடும் எங்களுக்கு அது எப்போதும் போலீஸ் ஆபீஸ், அவ்வளவுதான்.

1859-ல் மெட்ராஸ் போலீஸ் சட்டம் வந்தது. புதிய துறைக்குத் தலைமையிடம் தேவைப்பட்டது. 1865-ல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் போலீஸ் உள்ளே வந்தது. 1874-ல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டார்கள். வாடகை மாறவில்லை என்று வைத்தால், ஒன்பது வருடத்தில் கொடுத்தது 9,720. விலையில் கிட்டத்தட்ட பாதி! வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த கணக்குதான் இது. மேசன்கள் பிற்பாடு 1920களில் எழும்பூரில் தங்களுக்கு வேறு மண்டபம் கட்டிக்கொண்டார்கள்.

இதே சாலையில் கொஞ்சம் தள்ளி ஐஸ் ஹவுஸ். 1897-ல் அங்கே தங்கிய விவேகானந்தரும் இளவயதில் கல்கத்தாவில் ஒரு மேசன் லாட்ஜில் சேர்ந்தவர்.

1990களில் இந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பல மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். இன்டாக் எதிர்த்தது. திட்டம் கைவிடப்பட்டு, கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. 2003-ல் பக்கத்திலிருக்கும் ராணி மேரி கல்லூரிக்கும் இதே ஆபத்து வந்தபோது, மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடித் தடுத்தார்கள்.

சென்னையில் ஒரு பழைய கட்டடம் பிழைக்க அழகும் வயதும் போதாது. உள்ளே புழங்க ஆள் வேண்டும். இடிக்க வரும்போது வெளியே நின்று கேட்கவும் ஆள் வேண்டும். மேசன்களின் கூடத்துக்குள்ளும் நமக்கு இடமில்லை, போலீஸ் தலைமையகத்துக்குள்ளும் சும்மா நுழைய முடியாது. ஆனாலும் அது நம்முடையது என்று யாரோ சிலர் நினைத்ததால்தான் இன்னும் நிற்கிறது.