படவணு

பிக்சல் என்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்களில் எனக்குப் பிடித்தது படவணு. படம், அணு இரண்டும் சேரும்போது மகரம் கெட்டு, வகரம் உடம்படுமெய்யாக வந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லும் இப்படிக் கூடிப் பிறந்ததுதான். படங்களைச் சுருக்கமாகச் சொல்லும் ‘பிக்ஸ்’, கூறு என்று பொருள்படும் ‘எலிமென்ட்’டின் தொடக்கமான ‘எல்’ இரண்டும் ஒட்டியது. விண்கலங்கள் அனுப்பிய நிலவுப் படங்களைக் கணினியில் செப்பம் செய்துவந்த நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிரெட் பில்லிங்ஸ்லி, 1965இல் இதை அச்சில் ஏற்றினார்.

சிலர் ‘படப்புள்ளி’ என்கிறார்கள். கண்ணுக்கு அது புள்ளி, கணினிக்கு எண். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் 0 முதல் 255 வரை ஏதோ ஒன்று. 640×480 அளவுள்ள படத்தில் 3,07,200 எண்கள். நொடிக்கு 30 படம் என்றால் 92 லட்சத்துக்கு மேல்! ஓடும் பந்தைக் கேமரா பின்தொடர, ஒவ்வொரு படத்திலும் இத்தனையையும் துழாவத் தேவையில்லை. படத்தைப் பாதி பாதியாகச் சுருக்கி, கோபுரம்போல் அடுக்கிக்கொள்கிறார்கள். 160×120 ஆனதும் மிஞ்சுவது 19,200. பதினாறில் ஒரு பங்கு. 16 படவணு அகலமுள்ள பந்து அங்கே 4 படவணுவாகத் தெரியும். இடத்தைப் பிடிக்க அது போதும். பிறகு பெரிய படத்தில் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் தேடலாம்.

கூட்டவும் சுருக்கவும் ஆகும் மிகச் சிறு கூறு என்ற பொருள் ‘அணு’வில் இருக்கிறது, ‘புள்ளி’யில் இல்லை. படவணு என்றே எழுதுங்கள்.