ஊர் அடங்கிய வாரம்: மணப்பாறை, ஏப்ரல் 2020

'ஊரடங்கு' என்ற சொல்லை 2020 மார்ச்சில் எல்லோரும் புதிதாகக் கற்றுக்கொண்டது போலப் பேசினார்கள். நம் பாட்டிகளுக்கு அது பழைய சொல்தான். "ஊரடங்குன பெறகு வா" என்றால், எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு வா என்று பொருள். அந்தச் சொல்லில் அடங்குவது ஊர். ஊருக்கு வெளியே இருக்கும் சேரிக்கு அதில் இடமில்லை.

ஊர் அடங்கிய பிறகே வெளியே வர அனுமதிக்கப்பட்ட மக்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். திருநெல்வேலிப் பகுதியில் தலித் மக்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணார்கள் பகலில் யார் கண்ணிலும் படக்கூடாது, இரவில்தான் வேலை செய்ய வேண்டும் என்ற நிலை இருந்ததை 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் எழுதியது. ஜே.எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆகவே ஊரடங்கின் வரலாறு என்று யாராவது ஆரம்பித்தால், யாருடைய ஊரடங்கு என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் முடக்கம். அந்த நாட்களில் நாங்கள் மணப்பாறையைச் சுற்றியுள்ள காலனிகளுக்கு அரிசியும் சோப்பும் கொண்டுபோனோம். கையில் ஒரு படிவம் இருந்தது. குடும்பத் தலைவர் பெயர், நபர் எண்ணிக்கை, குடும்ப அட்டை உண்டா இல்லையா, அரிசி எத்தனை கிலோ. அந்தத் தாள்களை இப்போது எடுத்துப் பார்த்தால் பசி மட்டும்தான் தெரிகிறது. பசி உண்மை. நூறுநாள் வேலைக்கு ஏப்ரல் 1 முதல் கூலி 229 ரூபாயிலிருந்து 256 ரூபாயாக உயர்ந்தது, வேலைதான் நடக்கவில்லை. ரேஷனில் கொடுத்த 1000 ரூபாயும் அரிசியும் பருப்பும் இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் அந்த மக்கள் அந்த நாட்களை எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. சமூகவியல் படித்த நாங்கள் தயாரித்த படிவம்தான் அது. துயரப்படுகிறவர்களாக மட்டுமே நம் மக்களைப் பதிவு செய்யும் பழக்கம் நமக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஒரே ஒரு வாரத்தை, அந்த முதல் 21 நாளின் கடைசி வாரத்தை, நினைவிலிருந்து எழுதுகிறோம். ஏப்ரல் 8, புதன்கிழமை முதல் 14, செவ்வாய் வரை.

மணப்பாறையில் புதன் என்றால் மாட்டுச்சந்தை. செவ்வாய் மதியத்துக்கு மேலேயே வண்டிகள் வரத் தொடங்கிவிடும். மாடு ஏற்றி இறக்கவும் கயிறு பிடிக்கவும் போகிற நம் ஆட்களுக்கு அன்றுதான் கையில் காசு புரளும். அந்தப் புதன் திடல் காலியாகக் கிடந்தது. அன்று பௌர்ணமி. அந்த ஆண்டின் மிகப் பெரிய நிலவு. லாரிப் புழுதி இல்லாத வானத்தில் அது வந்து நின்றபோது, காலனியில் வாசலுக்கு வாசல் பாய் விரித்திருந்தார்கள். ஒரு வீட்டில் தாயம், இன்னொரு வீட்டில் செல்போனில் வடிவேலு. ரேஷன் அரிசிச் சோறும் முருங்கைக்கீரையும் கொஞ்சம் கருவாடும்தான் சாப்பாடு. ஒரு அக்கா சொன்னார்: "கல்யாணமாகி பதினஞ்சு வருசத்துல எட்டு மணிக்கு வாசல்ல உக்காந்து நெலாவப் பாக்குறது இதான் தம்பி மொதத் தடவ."

மற்ற நாட்களில் எட்டு மணிக்கு என்ன செய்வார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை. மார்ச் 24 மாலையோடு டாஸ்மாக் மூடியிருந்தது. மே 7 வரை, ஏறக்குறைய ஆறு வாரம், பல வீடுகளில் இரவுகள் அடி உதை இல்லாமல் கழிந்தன. எல்லா வீட்டிலும் அல்ல. குடிக்காமல் இருக்க முடியாமல் கை நடுங்கியவர்களையும் பார்த்தோம். இருந்தாலும் அந்த அக்காவின் நிலா பொய்யில்லை.

ரயில் நின்றதால் முறுக்குத் தொழிலும் நின்றது. பிளாட்பாரத்தில் கூவி விற்க ஆளில்லை, வாங்கப் பயணியில்லை. நாளெல்லாம் அடுப்பு வெக்கையில் நின்று கூலிக்கு முறுக்கு பிழிகிற ஒரு பெண், வியாழக்கிழமை ரேஷன் எண்ணெயில் பாதியைச் செலவழித்துத் தன் பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டார். மாமியார் திட்டினார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "எப்பவும் ஒடஞ்சதுதானே நம்ம வீட்டுக்கு வரும், இன்னைக்கு முழுசா திங்கட்டும்." 2023இல் மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த முழு முறுக்குதான்.

வெள்ளிக்கிழமை புனித வெள்ளி, ஞாயிறு ஈஸ்டர். கோயில்கள் பூட்டிக் கிடந்தன. தலித் கிறித்தவர்களின் வீட்டுத் திண்ணையில் குடும்பமாக ஜெபம் நடந்தது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைக்குள்ளேயே நம் பிணங்களைப் பிரித்து வைக்கச் சுவர் நிற்கிற மாவட்டம் இது. அந்த ஒரு வருடம், முன்னால் உட்காருவது யார், பின்னால் உட்காருவது யார் என்ற கேள்வி இல்லாமல் சிலுவைப் பாதை முடிந்தது.

இத்தனைக்கும் நடுவில் அந்த வாரம் அடங்காதவர்களும் இருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள். அந்த மார்ச்சில்தான் அரசு அவர்களைத் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றியது. பல ஊர்களில் மாலை போட்டார்கள், காலைக் கழுவினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் அறிந்த ஒரு அருந்ததியர் அக்கா தினமும் காலை ஐந்து மணிக்குத் துடைப்பத்தோடு கிளம்புவார். முகக்கவசம் துணியில் அவரே தைத்தது. 'சமூக இடைவெளி' பற்றிக் கேட்டால், "அதான் எங்க தாத்தா காலத்துலேருந்து கடைப்புடிக்கிறாங்களே" என்பார். அவருக்கும் அந்த வாரத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. வழக்கமாக ஓரமாகவே கூட்டிக்கொண்டு போகும் பெரிய தெருவில், ஆளே இல்லாத விடியலில், நட்ட நடுவில் கை வீசி நடந்தாராம். "சும்மாதான் நடந்தேன். ஒருத்தரும் பாக்கல."

நம்மை வீட்டுக்குள் வைத்த சட்டங்களில் ஒன்று 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்கார அரசு பிப்ரவரியில் கொண்டுவந்தது. அடுத்த மாதம், மார்ச் 10 அன்று, புனேயில் சாவித்ரிபாய் பூலே இறந்தார். முந்த்வா சேரியில் பிளேக் கண்ட மகார் சிறுவனைத் தூக்கிக்கொண்டு மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்கு வந்தவர், அதே நோய்க்குப் பலியானார். அரசு தொடாதே என்று சொன்ன நேரத்தில் அவர் தொட்டார். பள்ளிப் பாடத்தில் இந்த இரண்டையும் சேர்த்து யாரும் சொல்லித் தருவதில்லை.

செவ்வாய், ஏப்ரல் 14. புரட்சியாளர் அம்பேத்கரின் 129ஆவது பிறந்தநாள். ஒவ்வொரு ஆண்டும் இந்த நாளுக்கு முன்பு காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். எந்தத் தெரு வழியாகப் போவீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு ஊர்வலம் இல்லை, அதனால் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு நாற்காலி, அதில் காலண்டரிலிருந்து வெட்டிய படமோ சட்டம் போட்ட படமோ. பூக்கடை மூடியிருந்ததால் வேப்பம்பூவும் செம்பருத்தியும். நீலத் துணி கிடைக்காத ஒரு வீட்டில் பள்ளிச் சீருடைப் பாவாடையை விரித்திருந்தார்கள். ரேஷன் சர்க்கரையில் பாயசம் கொதித்தது.

காலை 10 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். முடக்கம் மே 3 வரை நீள்கிறது. பள்ளிக்கூடம் இல்லையென்று சிறுவர்கள் கத்தினார்கள். பாயசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டி விரல் விட்டு எண்ணினார். "பத்தொம்போது நாளு. வீட்டுல இருக்குற அரிசி ஒம்போது நாளைக்கி வரும்." பிறகு தம்ளரை எடுத்து, ஆறுவதற்குள் குடித்து முடித்தார்.

மறுநாள் புதன். சந்தை இல்லை. ஐந்து மணிக்கு அந்த அக்கா துடைப்பத்தோடு கிளம்பினார்.