கனி பொறித்த வெள்ளிக் காசு

கிரேக்கத் தீவுகளின் பழங்காசுகளைத் திரட்டுவோர் ஈஜினாவின் ஆமைக் காசை வருந்தாமற் பெறலாம். வாணிகத்தால் நெடுந்தொலைவு பரவிய காசு அது. மெலோஸ் தீவின் பழைய வெள்ளிக் காசோ அத்தகையதன்று. பெரும்பொருள் கொடுக்க முன்வந்தாலும் அது விலைக்கு வருவது அரிது. இவ்வருமைக்குக் காரணம் யாது?

மெலோஸ் ஈஜியன் கடலில் உள்ள சிறு தீவு. ஸ்பார்ட்டாவின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட அம்மக்கள், தம் டோரிய வழக்கில் தீவை ‘மாலோஸ்’ என்றனர். ஆப்பிளை ‘மாலோன்’ என்றனர். ஆகவே காசின் ஒருபுறம் கனியைப் பொறித்தனர். நம் புலவர் இதனைச் சிலேடை என்பர். அக்கனியை மாதுளை எனக் கொள்வாரும் உளர்; பெயர்ப் பொருத்தத்தை நோக்க அக்கருத்து வலுவுடையதாகத் தோன்றவில்லை. மறுபுறத்தில் பிறை, சக்கரம், மூன்று கால்கள் பிணைந்த உருவம் எனப் பலவகைச் சின்னங்கள் உண்டு. அண்டைத் தீவுகள் பல ஈஜினாவின் 12 கிராம் அளவான நிறையைப் பின்பற்ற, மெலோஸ் ஏறத்தாழ 14 கிராம் நிறையில் காசடித்தது. எவரையும் சாராதிருக்கும் இயல்பு காசிலும் தெரிகிறது!

அவ்வியல்பே அவர்க்குக் கேடாயிற்று. கி.மு. 426இல் ஏதென்ஸ் தளபதி நிசியாஸ் 60 கப்பல்களுடன் வந்து விளைநிலங்களை அழித்தும் அவர்கள் பணியவில்லை. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் தன் திறைப் பட்டியலில் மெலோசின் பெயருக்கு நேரே 15 தாலந்து என எழுதிக்கொண்டது. கி.மு. 416இல் 38 கப்பல்கள் வந்தன. நீதியைப் பற்றிய பேச்சு வேண்டா என ஏதென்ஸ் தூதர் சொன்னதாகத் துசிடிடீஸ் வரைந்துள்ளார். எழுநூறு ஆண்டு உரிமையை விட மெலோசார் இசைந்திலர். முற்றுகையின் முடிவில், பிடிபட்ட ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் சிறுவரும் அடிமைகளாக விற்கப்பட்டனர். ஏதென்சிலிருந்து 500 பேர் குடியேறினர்.

1907இல் அத்தீவில் ஒரு வெள்ளிக் காசுப் புதையல் கிடைத்தது. முற்றுகைக்கு அஞ்சிப் புதைத்ததாகலாம் என்பது அறிஞர் கருத்து. இன்று அறியப்படும் பழைய மெலோஸ் காசுகளிற் பெரும்பாலன அதனைச் சேர்ந்தவையே. ராபர்ட் ஜேம்சன் என்னும் சேகரிப்பாளர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். அந்நூலாக்கம் இல்லாதிருந்தால் நமக்கு எஞ்சுவது கொஞ்சமே. ஏனெனில் காசுகள் வணிகர் கைவழியே பல நாடுகளுக்குச் சிதறிவிட்டன. ஒரு காசை வாங்கியவர் வெள்ளியைப் பெறுகிறார். அது எந்தக் காசுகளோடு கிடந்தது என்னும் செய்தியை இழக்கிறார்.

கி.மு. 405இல் ஸ்பார்ட்டாவின் லைசாந்தர் எஞ்சிய மெலோசாரை மீண்டும் தீவில் குடியமர்த்தினான். திரும்பியவர்கள் மறுபடி காசடித்தனர். அதிலும் அக்கனியே உள்ளது.