மைப்படியும் மதிப்பாய்வும்: தகடூர்ச் சான்றுகள் வழியே ஆய்வு வெளிப்படைத்தன்மையின் வளர்ச்சி

கிர்நார் பாறையில் பொறிக்கப்பட்ட அசோகரின் இரண்டாம் ஆணை, அவர் ஆட்சி எல்லைக்கு அப்பால் தெற்கே இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சதியபுதோ, கேதலபுதோ ஆகியோரைச் சொல்கிறது. இவர்களுள் சதியபுதோ யார் என்பது, 1830களின் இறுதியில் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டியதிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தீராத வழக்காக இருந்தது. வின்சென்ட் ஸ்மித் சத்தியமங்கலத்தைக் காட்டினார். டி.ஆர். பண்டார்கர் மராட்டியத்துச் சாத்புதே குடியினரைக் காட்டினார். தகடூர் அதியமான்களே சதியபுதோ என்றார் கே.ஜி. சேஷையர். மூன்றும் பெரிதும் ஒலியொப்புமையை நம்பிய ஊகங்கள். ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவதற்கு வேண்டிய பொதுச் சான்று எவரிடமும் இல்லை. 1981இல் திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பைக் குன்றின் குகைத்தளத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கண்டறிந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டு அந்தச் சான்றைத் தந்தது. அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்றே அது அழைக்கிறது. ஔவையார் பாடிய தகடூர் மன்னன், இன்றைய தருமபுரியின் தலைவன், அசோகர் கல்லில் எழுதிய மரபைச் சேர்ந்தவன் என்பது இப்படித்தான் துலங்கியது.

இந்தக் கண்டுபிடிப்பின் பிற்கதை அதைவிட முக்கியமானது. எதிர்பார்த்த விடை எதிர்பார்த்த சொல்லிலேயே கிடைத்ததால் கல்வெட்டின் உண்மைத்தன்மையை ஐயுற்றவர்கள் இருந்தார்கள். அந்த ஐயத்தைத் தவறு என்று சொல்ல முடியாது. மிகப் பொருத்தமாக வந்து சேரும் சான்றைச் சற்றுக் கூடுதலாகவே சோதிக்க வேண்டும். அப்போது துறை இயக்குநராக இருந்த இரா. நாகசாமியின் சொல்லை மட்டும் நம்பி யாரும் இதை ஏற்க வேண்டியிருக்கவில்லை. கல் அங்கேயே இருந்தது, எழுத்தமைதியை எவரும் நேரில் பார்க்கலாம். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தொல்தமிழ்க் கல்வெட்டுத் தொகுதியில் அதைச் சேர்த்துக்கொண்டார். கல்வெட்டு ஆய்வில் ஒரு முடிவை நிலைநிறுத்தியது முடிவைச் சொன்னவரின் பதவியன்று. மற்றவர் திரும்பிப் போய்ச் சோதிக்க இடம் தரும் சான்றே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். திறந்த அறிவியல் என்று இன்று பேசப்படுவதன் கருவைத் தமிழகக் கல்வெட்டியல் வெகு காலத்துக்கு முன்பே பெற்றிருந்தது. ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அந்தப் பாதி எது என்பது மைப்படி எடுக்கும் முறையிலேயே தெரியும். கல்லை நீரால் கழுவித் தேய்த்துச் சுத்தம் செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டியான தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். பிறகு மையை ஒற்றினால் மேட்டுப்பரப்பு கறுத்து, எழுத்து வெள்ளையாக நிற்கும். படித்தவர் என்ன வாசித்தார் என்பதை அல்ல, கல்லில் என்ன இருக்கிறது என்பதை அந்தத் தாள் காட்டுகிறது. 1890இல் ஹுல்ட்ஸ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையைத் தொடங்கியபோதும், தருமபுரியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு நுளம்பர் கல்வெட்டுகள் எபிகிராபியா இண்டிகாவின் பத்தாம் தொகுதியில் வந்தபோதும், மூலத்தை வரி வரியாகத் தருவது வழக்கமாகியிருந்தது. 1970களில் மாநிலத் தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூலாக்கியதும் அந்த வழியில்தான். ஆநிரை மீட்டுப் பட்ட வீரர்களின் பெயர்கள் ஊர்வாரியாக அச்சேறியதால், வட்டெழுத்து வாசிப்பில் பிழை கண்டவர் அதைப் பெயர் சொல்லித் திருத்த முடிந்தது. அச்சேறாதவற்றின் நிலை வேறு. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில் இருந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஆணையிட வேண்டி வந்தது. அரூரிலோ பென்னாகரத்திலோ இருக்கும் ஆசிரியர் தம் ஊர்க் கல்லின் படியைப் பார்க்க மைசூர் போக வேண்டியிருந்த நிலையில், சான்று திறந்திருக்கிறது என்று சொல்வது ஏட்டளவில் மட்டுமே உண்மையாக இருந்தது.

மூடிய பகுதி இன்னொன்றும் உண்டு. வெளியீட்டுக்கு முன் நடக்கும் துறையறிஞர் மதிப்பாய்வு அது. உலகின் பிற இடங்களில் கடந்த கால் நூற்றாண்டில் மாற்றம் கண்டது இதுதான். மதிப்பாய்வாளர் பெயரை ஆசிரியருக்குத் தெரிவிக்கும் முறைக்குப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் 1999இல் வந்தது. வளிமண்டல வேதியியல் இதழ் ஒன்று 2001 முதல் மதிப்பாய்வையே இணையத்தில் பொது விவாதமாக நடத்துகிறது. 2012இல் தொடங்கிய பப்பியர் இணையதளம், வெளியான கட்டுரைகளை யாரும் குறை சுட்டலாம் என்று கதவைத் திறந்தது. 2023இல் ஈலைஃப் இதழ் ஏற்பு, மறுப்பு என்ற தீர்ப்பையே கைவிட்டு, கட்டுரையுடன் மதிப்பாய்வுகளையும் சேர்த்து வெளியிடத் தொடங்கியது. நேச்சர் இதழ் 2025இல் தன் புதிய ஆய்வுக் கட்டுரைகள் அனைத்துக்கும் மதிப்பாய்வுக் கோப்பை வெளியிட முடிவு செய்தது.

நம்மிடம் இதன் தேவையைக் காட்டுவது இரும்பின் காலக்கணிப்பு. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை தருமபுரியைச் சேர்ந்திருந்த மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். 2025 ஜனவரியில் கா. ராஜனும் இரா. சிவானந்தமும் எழுதிய இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை, சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுசென்றது. மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பியது பாராட்டத்தக்க நடைமுறை. ஆனால் கரிமக் காலக்கணிப்பு ஒற்றை ஆண்டைத் தருவதில்லை. பிழை எல்லையோடு கூடிய அளவீட்டைத் தருகிறது. அதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைவு இந்த நூற்றாண்டில் மட்டும் 2004, 2009, 2013, 2020 என நான்கு முறை புதுப்பிக்கப்பட்டுள்ளது, இனியும் புதுப்பிக்கப்படும். ஆய்வக எண், மூல அளவீடு, மாதிரி கிடைத்த ஆழம், அது எந்த மரத்தின் கரி என்ற விவரம் ஆகியவை இருந்தால்தான் நாளை ஒருவர் மீண்டும் கணக்கிட முடியும். நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் உள்வயிரத்துக் கரி, அதை எரித்தவர்களைவிடப் பல பத்தாண்டுகள் மூத்த காலத்தைக் காட்டக்கூடும் என்பது துறையில் எல்லாரும் அறிந்தது. இக்கேள்விகளை மதிப்பாய்வாளர் எழுப்பினாரா, ஆசிரியர் என்ன பதில் தந்தார் என்பது அறிக்கையோடு அச்சாகியிருந்தால், தமிழர் பெருமை என்றும் அரசியல் என்றும் இரு அணியாகப் பிரிந்து பேசுவதற்கு இடம் குறைந்திருக்கும்.

மூடிய மதிப்பாய்வு என்ன செய்யும் என்பதற்குக் கீழடி அகழாய்வே சான்று. அங்கே அகழாய்வு நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணன் 2023 ஜனவரியில் அளித்த 982 பக்க அறிக்கையை, வல்லுநர் இருவர் சுட்டிய திருத்தங்களோடு மீண்டும் தருமாறு இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறை 2025 மே மாதம் கேட்டது. தம் கால வரையறை சான்றுகளின் அடிப்படையிலானது என்று அவர் மறுத்தார். திருத்தம் கேட்பதில் தவறே இல்லை. எந்த நல்ல அறிக்கையும் அதைத் தாங்கும். ஆனால் அந்த மதிப்பாய்வு துறையின் வெளியீடாக வரவில்லை, கடிதச் செய்தியாகவே கசிந்து வந்தது. அதனால் கருத்தின் தரத்தைப் பேச வேண்டிய விவாதம், கருத்துச் சொன்னவரின் நோக்கத்தைப் பேசும் விவாதமாகத் திரிந்தது.

பெயர் வெளிப்பட்டால் இளைய ஆய்வாளர் மூத்தவரைக் குறை சொல்ல அஞ்சுவார் என்ற மறுப்பு வலுவானது; துறை சிறியது, வேலைவாய்ப்பு அதைவிடச் சிறியது என்ற தமிழகச் சூழலில் இன்னும் வலுவானது. எனவே மதிப்பாய்வின் உரையை வெளியிட்டுப் பெயரை மதிப்பாய்வாளரின் விருப்பத்துக்கு விடுவதே இங்கு பொருந்தும். நேச்சர் குழும இதழ்கள் பின்பற்றுவதும் அதுவே. செலவு பெரிது என்பதை ஏற்க முடியாது. செர்ன் நடத்தும் ஸெனோடோ தரவுக் கிடங்கு இலவசம். ஒவ்வொரு கோப்புக்கும் நிலையான அடையாள எண்ணும் தருகிறது. தருமபுரி அரசு கலைக் கல்லூரி மாணவர்கூட நடுகல் வாசிப்பொன்றைப் படத்தோடு அங்கே வைக்கலாம்.

பயிற்சியற்றவர்கள் தரவைத் திரித்துப் பேசுவார்கள் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை; தரவு மூடியிருக்கும்போதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவர்களைத் திருத்த மற்றவர்களுக்கு ஆதாரம் மட்டும் கிடைப்பதில்லை. ஒரு மறுப்புக்கு மட்டும் இணங்கியே ஆக வேண்டும். ஆளில்லாத வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களின் துல்லிய இடக்குறிப்பை எல்லாருக்கும் வெளியிட்டால் சிலைத் திருடருக்கு வழிகாட்டியதாகும். மைப்படி, ஒளிப்படம், வாசிப்பு, அதன்மேல் வந்த திருத்தங்கள் ஆகியவை முழுதும் திறந்திருக்க, ஊர்ப் பெயர் வரை மட்டும் பொதுவில் தந்து, இடக்குறிப்பைப் பதிவு செய்துகொண்ட ஆய்வாளருக்குத் துறை வழங்குவது இதற்குப் போதும்.