கோடில்லாத பாட்டுப் புத்தகம்



நம் பாடகர் குழுவைவிட ஏறக்குறைய 1,100 ஆண்டுகள் மூத்த ஒரு பாடகர் குழுவைப் பற்றிச் சொல்ல வந்தேன். தூரதேசத்துக் கதை அல்ல. சூரிச்சில் புகையிரதம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சென்ட் காலன் வந்துவிடும்.

அங்கே 612ஆம் ஆண்டளவில் காலுஸ் என்ற துறவி காட்டுக்குள் குடில் போட்டுத் தங்கினார். அதே இடத்தில் 719இல் ஓத்மார் என்பவர் மடத்தை நிறுவினார். 1805இல் மடம் கலைக்கப்பட்டது. ஆனால் அதன் நூலகம் இன்றும் இருக்கிறது. அங்கே 359 என்ற எண்ணுடைய ஒரு புத்தகம் உண்டு. ஒடுங்கி உயர்ந்த வடிவம், தந்தம் பதித்த அட்டை, மிருகத்தோலில் செய்த தாள்கள். 922க்கும் 926க்கும் இடையில் எழுதப்பட்டது என்று கணிக்கிறார்கள். ஆராதனையில் தனியாக நின்று பாடுபவருக்கான பாடல்கள் அதில் உள்ளன.

திறந்து பார்த்தால் லத்தீன் வார்த்தைகளுக்கு மேலே எறும்பு ஊர்ந்ததுபோல் சிறு கீறல்களும் புள்ளிகளும் வளைவுகளும் தெரியும். இசைக்குறிகள்தான் அவை. ஆனால் நாம் பியானோப் புத்தகத்தில் பார்க்கிற ஐந்து கோடுகள் இல்லை; ஒரு கோடுகூட இல்லை. குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்று குறி சொல்லும். எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லாது.

இப்படி எழுதி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். நமது கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மேலே ராகத்தின் பெயர், தாளத்தின் பெயர், கீழே வார்த்தைகள். அம்மம்மா பாடக் கேட்டு வளர்ந்தவருக்கு அது போதும். கேளாதவருக்கு ராகத்தின் பெயர் மெட்டைத் தராது. அந்தத் துறவிகளின் குறிகளும் அப்படித்தான்: தெரிந்தவருக்கு ஞாபகமூட்டும், தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்காது.

பெனடிக்டின் மட ஒழுங்குப்படி 150 சங்கீதங்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடிக்க வேண்டும். அவற்றோடு ஆண்டு முழுவதற்குமான மற்றப் பாடல்கள். எல்லாம் மனப்பாடம்! ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுப் பேராயர் இசிதோர், ஓசையை எழுதி வைக்க முடியாது, மனிதர் நினைவில் வைக்காவிட்டால் அது அழிந்துபோகும் என்று எழுதினார். சென்ட் காலனில் வாழ்ந்த நோட்கர் என்ற திக்குவாயருக்கும் இதே கவலை. சிறுவயதில் நீண்ட மெட்டுகள் நினைவில் நிற்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நோர்மானியர் பாழாக்கிய ஒரு பிரெஞ்சு மடத்திலிருந்து தப்பி வந்த குரு ஒருவர் கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது. அதில் நீண்ட மெட்டுகளுக்கு வார்த்தை அமைத்திருந்ததைக் கண்டு, நோட்கர் தாமும் ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று எழுதத் தொடங்கினார். 884இல் அந்தத் தொகுப்பை ஓர் ஆயருக்குக் காணிக்கையாக்கினார். அகதியாய் வந்தவர் கொண்டுவந்த புத்தகம் என்பதை நம்மவர் கவனிக்காமல் விடமாட்டோம்.

926இல் மகியார் படை வந்தது. அங்கே விபொராதா என்ற பெண், சுவர் அடைத்த அறைக்குள் தனியே ஜெபத்தில் வாழ்ந்தார். படை வரும் என்று முன்கூட்டியே எச்சரித்தவர் அவர். முதலில் புத்தகங்களைக் காப்பாற்றுங்கள் என்றாராம். புத்தகங்கள் ரைகெனாவ் தீவு மடத்துக்குப் போயின, துறவிகள் ஒளிந்துகொண்டார்கள். விபொராதா தமது அறையை விட்டு வரவில்லை. படையினர் அவரைக் கொன்றார்கள். புத்தகங்கள் திரும்பி வந்தபோது எண்ணிக்கை சரியாக இருந்ததாம், ஆனால் போன புத்தகங்கள்தான் வரவில்லையாம்! பின்னாளில் மடத்தின் வரலாற்றை எழுதிய துறவியின் குறும்பு இது.

ஒரு நூற்றாண்டு கழித்து இத்தாலியில் அரெத்சோ நகரத்துக் குய்தோ கோடு வரைந்து, சுரங்களைக் கோட்டிலும் இடைவெளியிலும் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். யோவான் ஸ்நானகனைப் பற்றிய ஒரு பாடலின் அடிகளிலிருந்து உத், ரே, மி, ஃபா, சொல், லா என்ற பெயர்களையும் எடுத்தார். பத்து ஆண்டு படிப்பு ஓரிரண்டு ஆண்டில் முடிந்தது என்று மகிழ்ந்தார். லாபம்தான். ஆனால் பழைய குறிகளில் இருந்த ஒன்று மெல்ல மறைந்தது. 359ஆம் புத்தகத்தில் குறிகளுக்கு அருகே சின்ன எழுத்துக்கள் உண்டு: ‘சி’ என்றால் விரைவாக, ‘டி’ என்றால் நீட்டு. இவற்றை விளக்கி நோட்கர் எழுதிய கடிதமும் இருக்கிறது. கோடுகள் சுருதியைக் காத்தன. இந்த நடையைக் காக்கவில்லை. நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பாடல் கனத்துப்போனது. அச்சுப் பதிப்புகளோ மெட்டையே வெட்டிக் குறைத்தன.

பிரான்சில் 1833இல் மீண்டும் தொடங்கிய சொலேம் மடத்தார்தான் இதை விடாமல் தேடினார்கள். கோடுள்ள பிரதியிலிருந்து சுரத்தையும், கோடில்லாத பழைய பிரதியிலிருந்து நடையையும் எடுத்து ஒப்பிட்டார்கள். 1889 முதல் கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுத்து வெளியிட்டார்கள். முதல் தொகுதி சென்ட் காலன் பிரதியே. ரோமின் அங்கீகாரம் அப்போது வேறொரு பதிப்புக்கு இருந்தது. அதனால், ஒரே ஒரு பாடலை 200க்கும் மேற்பட்ட பிரதிகளிலிருந்து எடுத்து அடுக்கிக் காட்டினார்கள். 92ஆம் சங்கீதத்தில் நீதிமானைப் பனைக்கு ஒப்பிடும் வசனம் அது. (யாழ்ப்பாணத்தாருக்குப் பனையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!) தேசமும் நூற்றாண்டும் வேறு வேறு, மெட்டு ஏறக்குறைய ஒன்றே. 1908இல் ரோம் வெளியிட்ட புதிய பாட்டுப் புத்தகம் இந்த உழைப்பின் பலன்.

‘இது கத்தோலிக்கரின் சங்கதி அல்லவா?’ என்று ஒரு மூப்பர் என்னைக் கேட்டார். 926இல் அந்தப் பிரிவே இல்லை ஐயா. லூத்தரும் ஆதிச்சபையின் லத்தீன் பாடலொன்றை ஜேர்மனில் மாற்றி, அதன் மெட்டைச் சற்றுத் திருத்திச் சபைக்குக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளைகளே, 359ஆம் புத்தகம் முழுவதையும் சுவிஸ் கையெழுத்துப் பிரதிகளின் இணைய நூலகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைப் பெரிதாக்கி ‘சி’யும் ‘டி’யும் எங்கே என்று தேடுங்கள். பல்லுப் பல்லாக வளைந்த ஒரு குறியும் கண்ணில் படும். அதை எப்படிப் பாடுவது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.