இடிபாடும் திருப்பணியும்: மலாக்கா, ஜார்ஜ் டவுன் தேவாலயங்களை முன்வைத்து

2008 ஜூலையில் யுனெஸ்கோ மலாக்காவையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து ஒரே உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. இரண்டும் மலாக்கா நீரிணையின் துறைமுக நகரங்கள். இரண்டிலும் ஐரோப்பியர் எழுப்பிய பழைய தேவாலயங்கள் உண்டு. அவற்றின் கதிதான் வேறு வேறு. மலாக்காக் குன்றின் மேலுள்ள புனித பவுல் ஆலயம் கூரையில்லாத இடிபாடாக, ஒரு திறந்தவெளி அருங்காட்சியகமாக நிற்கிறது. ஜார்ஜ் டவுனில் ஃபார்குவார் தெருவிலுள்ள புனித ஜார்ஜ் ஆலயத்தில் இன்றும் ஆராதனை நடக்கிறது. குன்றேறி வருபவர்கள் வரலாற்றையே நேரில் கண்ட நிறைவோடு இறங்குகிறார்கள். ஜார்ஜ் டவுன் ஆலயத்தின் வெள்ளைத் தூண்களைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். இடிந்து கிடப்பதே அசல் பழமை, பழுதுபார்த்தது அதற்கு ஒரு படி கீழ் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதே என் வாதம். இடிபாடும் மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவுதான். திருப்பணி செய்த கட்டடத்தைச் சோதிப்பது போலவே அதையும் சோதித்துத்தான் ஏற்கவேண்டும்.

மலாக்கா ஆலயத்தின் கதையே இதற்கு முதல் சான்று. 1521-இல் போர்த்துகீசியரான துவார்த்தே கொயல்யோ மாதாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் கட்டினார். 1548-இல் அது சேசு சபையினர் கைக்கு வந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார் கிழக்குத் திசைப் பயணங்களில் தங்கிச் சென்ற இடம் இது. 1552-இல் சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் இறந்தார். கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் அவர் உடல் 1553-இல் சில மாதங்கள் இங்கே புதைக்கப்பட்டிருந்தது. 1641-இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் ஆலயத்துக்குப் புனித பவுலின் பெயரைச் சூட்டித் தங்கள் வழிபாட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். குன்றடியில் அவர்களுடைய கிறிஸ்து ஆலயம் 1753-இல் கட்டிமுடிந்ததும் மேலே இருந்தது வெறும் கல்லறைத் தோட்டமாயிற்று. பின்னால் வந்த ஆங்கிலேயர் அதில் வெடிமருந்து சேமித்தார்கள். வாசலுக்கு முன்னே ஒரு கலங்கரை விளக்கத்தையும் நிறுத்தினார்கள். ஆக, இந்த ஆலயத்தைப் பாழாக்கியது பெரும்பாலும் காலமோ கடற்காற்றோ அல்ல. அதைக் கைவிட்டவர்களுக்கும் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கும் பெயர், ஆண்டு எல்லாம் உண்டு.

உள்ளே சுவரோரமாகச் சாத்தியிருக்கும் கல்லறைக் கற்கள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன. ஆளுயரத்துக்கு மேற்பட்ட கனத்த பலகைகள் அவை. குலச்சின்னங்கள், குறுக்கே வைத்த எலும்புகளோடு மண்டையோடுகள், இலத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் டச்சிலும் ஆழச் செதுக்கிய எழுத்துகள். 1598-இல் இறந்த ஜப்பான் ஆயர் பெத்ரோ மார்த்தின்சின் கல்லும் அவற்றில் ஒன்று. தரையில் கிடத்துவதற்காகச் செய்த இந்தக் கற்களை 20ஆம் நூற்றாண்டில்தான் நிமிர்த்திச் சுவரில் சாத்தினார்கள். காலடியில் கிடந்து மிதிபட்ட கல் இப்போது கண்ணெதிரே நின்று படிக்கக் கிடைக்கிறது, எழுத்தும் பிழைத்தது. ஆனால் கல் ஓரிடத்தில், அதற்குரியவர் வேறோரிடத்தில். நாம் பார்த்து நெகிழும் காட்சி பிற்காலத்தவர் அடுக்கி வைத்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுக்கியது என்று தெரிந்து பார்க்கவேண்டும் என்கிறேன்.

இடிபாடு மனிதர் முடிவின் விளைவு என்பதற்குப் போர்த்துகலின் லிஸ்பன் நகரிலுள்ள கார்மோ ஆலயமும் ஒரு சான்று. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்தக் கட்டடத்தை 1755 நவம்பர் 1 அன்று பூகம்பம் வீழ்த்தியது. மறு ஆண்டே மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். 1834-இல் போர்த்துகலில் துறவற சபைகள் கலைக்கப்பட்டபோது வேலை நின்றது. 1864-இல் அது தொல்லியல் அருங்காட்சியகம் ஆனது. இன்று வானத்தைப் பார்த்து நிற்கும் அதன் வளைவுகளில் பெரும்பகுதி பூகம்பத்துக்குப் பின் எழுந்தவை. இடைக்கால இடிபாடு என்று உலகம் கொண்டாடுவதில் பாதி, முடிக்காமல் விட்ட திருப்பணி.

ஜார்ஜ் டவுனுக்கு வருவோம். புனித ஜார்ஜ் ஆலயத்துக்கு முன்மாதிரி சென்னை கதீட்ரல் சாலையில் அதே பெயரில் நிற்கும் ஆலயம் என்பார்கள். 1818-இல் கட்டிமுடித்து 1819-இல் அர்ச்சிக்கப்பட்ட பினாங்குக் கட்டடத்துக்கு முதலில் சென்னை வழக்கப்படி மொட்டைமாடிக் கூரைதான். பினாங்கு மழைக்கு அது ஒத்துவரவில்லை. 1864-இல் சரிவுக் கூரை போட்டார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஆலயம் சேதமடைந்தது. உள்ளிருந்த பொருள்களும் கொள்ளைபோயின. போர் முடிந்தபின் பழுதுபார்த்து 1948-இல் வழிபாட்டைத் தொடர்ந்தார்கள். குண்டடிபட்ட நிலையிலேயே விட்டிருந்தால் இதுவும் இன்று புகழ்பெற்ற இடிபாடாகியிருக்கும். சபையார் வேறு முடிவெடுத்தார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். வழிபாட்டுக்காகக் கட்டிய இடத்தில் வழிபாடு தொடர்வதும் ஒரு பாதுகாப்புதான். பாரம்பரியச் சின்னங்களின் அசல்தன்மை பற்றிய 1994-இன் நாரா ஆவணம் பயன்பாட்டையும் மரபையும் அதற்குச் சான்றாக ஏற்றுக்கொள்கிறது.

தமிழர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புனித ஜார்ஜ் ஆலயத்திலிருந்து சற்றுத் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பலமுறை விரிவாக்கப்பட்டு இன்றைய உருவத்துக்கு வந்தது. குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலும் பக்கத்தில்தான். பன்னிரண்டு ஆண்டுக்கொரு குடமுழுக்கு என்ற மரபில் கோவில் பழசாகிக்கொண்டே புதுசாகிறது. ஆனால் திருப்பணிக்குக் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். தமிழ்நாட்டுக் கோவில்களில் மணல் வீச்சால் சுத்தம் செய்யப்போய்க் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கியதை மறக்கமுடியுமா? இடிபாட்டில் பயன்பாடு போய்விடுகிறது. திருப்பணியில் தழும்பு மறைந்துவிடுகிறது. புனித ஜார்ஜ் ஆலயத்தின் இன்றைய வெண்மையைப் பார்த்து 1941-ஐ யாரும் ஊகிக்கமுடியாது.

ஆலயத்தை அடுத்து நிற்கும் பினாங்கு மாநில அருங்காட்சியகக் கட்டடம் இவ்விரண்டிலும் சேராதது. ஆங்கிலேயப் போதகர் ஹட்சிங்ஸ் 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்காக, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரு கட்டமாக எழுந்தது அது. பள்ளி 1928-இல் கிரீன் லேனுக்குப் போனது. போரில் கட்டடத்தின் ஒரு பாதி குண்டுக்கு இரையானது. எஞ்சிய பாதியில் 1965-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அப்போது இழந்த பாதியைத் திரும்பக் கட்டவில்லை. எஞ்சியதை இடிபாடாகவும் விடவில்லை. இந்த மூன்றாம் வழிக்குப் பாரம்பரிய ஆய்வுகள் இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

இடிபாடும் சொல்லாத, திருப்பணியும் சொல்லாத ஒன்று மிஞ்சுகிறது. புனித ஜார்ஜ் ஆலயத்தைக் கட்டியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி கடல்கடத்திக் கொண்டுவந்த கைதிகள். ஆலய முற்றத்தில், பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டுக்கு 1886-இல் எழுப்பிய நினைவு மண்டபம் நிற்கிறது. கைதிகளைப் பற்றி வழிகாட்டி நூல்கள் ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன. அவர்களைப் பற்றிய தகவலை ஆலயச் சுவரில் தேடிப் பயனில்லை. கம்பெனியின் நீரிணைக் குடியேற்ற ஆவணங்களில் கைதிகள் தொடர்பான கடிதப் போக்குவரத்து ஏராளம். அவற்றிலிருந்து 1816 முதல் 1818 வரையான கட்டட வேலையைத் தனியே தொகுத்து, 1864 கூரை மாற்றத்தையும் 1941 சேதத்தையும் சேர்த்து ஒரு காட்சியாக வைக்க, ஆலயத்தை அடுத்துள்ள அந்த அருங்காட்சியகக் கட்டடத்தைவிடப் பொருத்தமான இடம் ஜார்ஜ் டவுனில் இல்லை.