ஏழு கன்னியர் மலையில் விழுந்த கப்பல்

அட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால் ஏழு கன்னியர் மலையைப் பார்க்கலாம். சிறுவயதில் எனக்கு அதைக் காட்டியவர் அப்பாயி. "அந்த மலையிலதான்யா கப்பல் விழுந்துச்சு" என்பார். மலையில் ஏது கப்பல் என்று நான் சிரிப்பேன். ஆகாசக் கப்பலைத்தான் அவர் சொன்னார்.

அது 1974 டிசம்பர் 4 இரவு, பத்து மணி கடந்த நேரம். நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்துக்குச் சொந்தமான டீ.சி. 8 விமானம், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரை ஏற்றி ஜித்தாவுக்குப் புறப்பட்டது. வழியில் கட்டுநாயக்கவில் தரிக்க வேண்டும். பணியாளர் ஒன்பது பேர். ஆக 191 உயிர்கள். மலையில் மோதியபின் ஒருவரும் மிஞ்சவில்லை. இலங்கை மண்ணில் இன்றளவும் இதைவிடப் பெரிய விமான விபத்து நடக்கவில்லை.

கன்னிமார் இழுத்துக்கொண்டார்கள் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு. லக்ஷபான மின்நிலைய வெளிச்சத்தை விமானத்தளம் என்று நம்பிவிட்டார்கள் என்று இன்னொரு பேச்சு. விசாரணை கண்ட காரணம் இவற்றைவிடச் சாதாரணமானது. அதனாலேயே நெஞ்சை உறுத்துவது. விமானத்தில் டொப்ளர் என்றொரு கருவி. தரையில் பட்டுத் திரும்பும் வானொலி அலையைக் கொண்டு வேகத்தையும் விலகலையும் அளந்து, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் வழியில் சேரும் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடிவிடும். அதையும் வானிலை ராடாரையும் நம்பி, தளம் அருகில் வந்துவிட்டது என்று எண்ணி விமானிகள் தாழ இறங்கினார்கள். தளமோ மேற்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தொலைவில். கட்டுநாயக்கவில் காத்திருந்தவர்களுக்கு விமானம் வரவேயில்லை.

நான்கு வருடங்கள் கழித்து, 1978 நவம்பர் 15இல், ஹஜ் முடித்துச் சுரபாயா திரும்பிய யாத்திரிகரோடு வந்த ஐஸ்லாந்து விமானமொன்று கட்டுநாயக்க அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. மாண்டவர்கள் 183 பேர். அதுவும் டீ.சி. 8தான்.

அப்பாயிக்கு 1974 என்றால் வேறு நினைவுகளும் உண்டு. கூப்பன் மா குறைந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம் அது. 1964 ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் அவருடைய தங்கையும் ஒருத்தி. மிஞ்சியிருந்த ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதும் அந்த 1974 ஜனவரியில்தான். கப்பல் என்ற சொல்லை அவர் சும்மா சொன்னதில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கியது.

விமானத்தின் சக்கரம் ஒன்றை நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைத்திருக்கிறார்கள். பஸ் அவ்விடத்தைத் தாண்டும்போது அப்பாயி மலைப்பக்கம் திரும்பிக் கும்பிடுவார். ஒருநாள் கேட்டேன், கன்னிமாரையா என்று.

"இல்லய்யா. புள்ளகுட்டிய ஊருல விட்டுட்டு வந்தவங்கள."